முள் ஏறாத வண்டி

எங்கள் கார் பெட்ரோல் குடிக்க ஆரம்பித்ததும் நான் அதை ஓட்ட ஆரம்பித்ததும் ஒரே சமயத்தில் நடந்தன. அதனால் காரணம் தேடவேண்டிய அவசியமே வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

அதுவரை நான் பூனாவின் ஒரு கோடியிலுள்ள நிக்டியிலிருந்து மறுகோடியிலுள்ள கராடிக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தேன். அங்கே ஒரு மென்பொருள் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. ஒரு ஜூன் மாதம் ஆள் குறைவு என்று சொல்லி எங்கள் பக்கத்து பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். என் கணவருக்கு பிம்ப்ரியில், கார்களுக்கு உதிரிபாகம் செய்கிற தொழிற்சாலையில் வேலை. பக்கம்தான், ஸ்கூட்டரிலேயே போய்விடுவார். கார் வாரம் முழுவதும் கீழே பார்க்கிங்கில் தூசி படிந்து நிற்கும். அந்த மே மாதம் அவரும் அவருடைய அண்ணனும் ஒரு கல்யாணத்துக்கு மதுரை வரைக்கும் அதில் போய்வந்ததுதான் அது கடைசியாகச் செய்த நீண்ட பயணம். மகளுக்குப் பரீட்சை இருந்ததால் நான் போகவில்லை.

"சும்மாதான நிக்குது, நீ எடுத்துட்டுப் போ" என்று அவரே சொன்னார். லைசென்ஸ் வாங்கி வருடக்கணக்கில் ஓட்டாமல் இருந்தவள் நான். பயந்துகொண்டே எடுத்தேன். இரண்டு வாரத்தில் பயம் போய்விட்டது. நாசிக் பாட்டா சந்திப்பில் லாரிகளுக்கு நடுவில் புகுந்து, போசரி, விஸ்ராந்த்வாடி என்று போய், விமான நிலையச் சாலை நெரிசலைத் தாண்டி ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்தும்போது எனக்கு என்மீதே ஒரு மரியாதை வரும். அந்த வயதில் புதிதாக ஒன்று கைவந்தது எனக்குப் பெரிய விஷயம்.

அது ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை.

என் கணவருக்கு டேங்க்கை நிரப்பி, ஓடிய தூரத்தைக் கணக்குப் பார்க்கிற பழக்கம் உண்டு. ஒரு சனிக்கிழமை பெட்ரோல் பம்ப்பில் நின்று போனில் வகுத்துப் பார்த்தார். இன்னொரு முறை வகுத்தார்.

"லிட்டருக்குப் பன்னண்டு" என்றார். "என் கையில பதினாறு குடுத்த வண்டி."

"டிராபிக்ல நிக்கிறதுனால இருக்கும்" என்றேன்.

"டிராபிக் எனக்கு மட்டும் இல்லையா? கிளட்ச்சுல காலை வச்சுக்கிட்டே ஓட்டுற. லேடீஸ் எல்லாரும் அப்படித்தான் ஓட்டுவாங்க."

அவர் முரடர் இல்லை. கை ஓங்கியதில்லை, குரலைக்கூட உயர்த்தியதில்லை. ஒரு விஷயம் தனக்குத் தெரியும் என்று முடிவு செய்துவிட்டால், அதற்குமேல் பேச எதுவும் இல்லை என்கிற தொனியில் பேசுவார், அவ்வளவுதான். தொழிற்சாலையில் பாகங்களைச் சோதித்து இது சரி, இது தள்ளுபடி என்று பிரிக்கிற வேலை. அதே கண்ணோடுதான் வீட்டுக்கும் வருவார்.

முறையாகத்தான் எல்லாம் பார்த்தார். டயர்களில் காற்றைச் சரி பார்த்தார். ஏர் பில்டர் மாற்றினார். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினால் கரி அப்பியிருந்தது, அவற்றையும் மாற்றினார். இன்ஜெக்டரைச் சுத்தம் செய்ய வைத்தார். டிக்கியில் கிடந்த குடை, பழைய பாய், தண்ணீர் கேன் எல்லாவற்றையும் எடுத்து மாடிக்குக் கொண்டுபோனார். ஒவ்வொன்றுக்குப் பிறகும் டேங்க்கை நிரப்பிக் கணக்குப் பார்த்தார். பன்னிரண்டு பன்னிரண்டாகவே இருந்தது. ஒவ்வொரு முயற்சி பலிக்காதபோதும் என்மீதிருந்த குற்றம் ஒரு சுற்று கூடிக்கொண்டே போனது. ஒருநாள் பார்க்கிங்கில், பக்கத்து வீட்டு மராத்திக்காரர் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது பானெட்டை மூடிவிட்டுச் சொன்னார்:

"எல்லாம் மாத்தியாச்சு. இனி மாத்த வேண்டியது உன் காலைத்தான்."

அதைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு இந்தியிலும் ஒருமுறை சொன்னார். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அந்த நேரத்தில் வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பாடங்கள் ஆரம்பித்தன. காலையில் காபி குடித்ததும் கீழே இறங்குவோம். பக்கத்திலிருக்கிற பிராதிகரண் தெருக்களில் நான் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து என் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பார். "இப்ப எதுக்கு பிரேக்? தூரத்துலேயே தெரியலயா?" "மூணாவது போடு. போடுன்னா போடணும்." கியர் மாற்ற நான் கையை வைத்தால் அதன்மேல் அவர் கையை வைத்து அழுத்துவார். வாக்கிங் போகிற எங்கள் காலனிப் பெண்கள் ஜன்னலுக்குள் பார்த்துக்கொண்டே போவார்கள். காலேஜ் போகிற மகளை வைத்துக்கொண்டு, நாற்பத்தைந்தைத் தாண்டிய நான், கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று அவர் கேட்க, பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் சொன்னதை எல்லாம் செய்தேன். செருப்பைக் கழற்றிப் பின்சீட்டில் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஓட்டினேன், கிளட்ச்சைத் தெரியாமல்கூடத் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக. சிக்னலில் இன்ஜினை அணைத்தேன். அக்டோபர் வெயிலிலும் ஏசி போடவில்லை. ஆபீஸ் போனதும் நேராக பாத்ரூமுக்குப் போய் முகத்தையும் கழுத்தையும் கழுவி, வியர்வையில் ஒட்டிய ரவிக்கையை இழுத்துவிட்டுக்கொண்டுதான் இருக்கைக்குப் போவேன். அப்படியும் பன்னிரண்டு. சில வாரம் அதற்கும் கீழே.

மகளிடம் ஒருநாள் புலம்பினேன். "அம்மா, அப்பாகிட்ட பெஹஸ் பண்ணாத. அவர் இன்ஜினியர்தானே?" என்றாள். அவள் பேசுகிற தமிழில் பாதி இந்தி. வாக்குவாதம் செய்யாதே என்கிறாள். நான் செய்தது வாக்குவாதமே இல்லை.

அந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே ஆறுதல், என்னோடு காரில் வந்த ஒரு பெண். திருச்சிக்காரி. என் ஆபீஸில்தான், வேறு மாடியில் வேலை. கல்யாணமாகி பூனாவுக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. பஸ் நின்றுபோனபோது அவளும் திண்டாடினாள். எங்கள் காலனியிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு மருந்துக்கடை முனையில் நிற்பாள், ஏற்றிக்கொள்வேன். காலையிலும் மாலையிலும் அந்த நெரிசல் முழுக்கத் தமிழில் பேசிக்கொண்டே போவோம். வீட்டில் மகள் இந்தியில் பதில் சொல்வாள், ஆபீஸில் ஆங்கிலம், கடையில் மராத்தி. மாமியாரைப் பற்றி, மாதவிடாய் வலியைப் பற்றி, மேலதிகாரியின் வழிசலைப் பற்றி முழு வாக்கியத்தில் தமிழில் பேசி, அதற்குத் தமிழிலேயே பதில் வந்தது அந்தக் காருக்குள் மட்டும்தான். வெள்ளிக்கிழமைகளில் எனக்கென்று ஒரு டப்பாவில் புளியோதரை கொண்டுவருவாள்.

ஒரு திங்கட்கிழமை மருந்துக்கடை முனையில் அவள் இல்லை. கொஞ்சம் காத்திருந்துவிட்டு போன் செய்தேன்.

"நான் டவுன் பஸ் ஸ்டாப்புக்கு வந்துட்டேன்க்கா" என்றாள். "நேத்து மண்டியில காய் வாங்கறப்போ உங்க வீட்டுக்காரரப் பாத்தேன். வண்டி லோடு இழுக்க மாட்டேங்குது, பெட்ரோல் ரொம்பக் குடிக்குதுன்னு சொன்னாரு. எனக்குத் தெரியாமப் போச்சு. நீங்களாவது சொல்லியிருக்கலாம்க்கா."

"நான் அப்படி ஒண்ணும் நினைக்கலம்மா. நீ அங்கயே இரு, நான் வர்றேன்."

"வேணாம்க்கா. பஸ் வந்துருச்சு."

மெலிந்த பெண் அவள். அவளைத்தான் லோடு என்று சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலம் அவரிடம் கேட்டேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒரு ஆள் ஏறினா எவ்வளவு இழுவை கூடும்னு உனக்குத் தெரியாது. நான் தன்மையாத்தான் சொன்னேன்" என்றார். மறுநாள் மறுபடியும் அந்த முனையில் நிறுத்தினேன். அடுத்த நாளும் நிறுத்தினேன். அவள் வரவில்லை. வேறு பாதையில் நடந்து பஸ்ஸுக்குப் போக ஆரம்பித்திருந்தாள்.

அவள் இறங்கிய பிறகும் கணக்கு பன்னிரண்டுதான்.

டிசம்பர் கடைசியில் குளிர் நன்றாக இறங்கியது. ஒரு காலை, விஸ்ராந்த்வாடி பக்கம், உள்ளே மூச்சுக் காற்றில் கண்ணாடி முழுக்கப் பனிபோல் படிந்து ரோடு தெரியவில்லை. ஹீட்டரைத் திருகினேன். சில்லென்ற காற்று வந்தது. நிக்டியிலிருந்து அவ்வளவு தூரம் ஓடிவந்த இன்ஜின். அதன் சூட்டில் வரவேண்டிய காற்று அது. ஓரமாக நிறுத்தினேன். அப்போதுதான் டாஷ்போர்டில் அந்த வெப்ப முள்ளை முதல்முறையாக உற்றுப் பார்த்தேன். அது அடியிலேயே கிடந்தது. யோசித்துப் பார்த்தால், நான் ஓட்ட ஆரம்பித்ததிலிருந்து அது மேலே ஏறி நான் பார்த்ததே இல்லை.

அன்று மதியம் ஆபீஸ் நண்பர் ஒருவரின் காரில் வெளியே சாப்பிடப் போனோம். கொஞ்ச தூரம்தான். அந்த வண்டியின் முள் பாதி உயரத்துக்கு ஏறி நின்றது. நான் சாப்பாட்டை விட்டுவிட்டுப் போனில் தேட ஆரம்பித்தேன். அந்த வாரம் முழுக்க இந்தியிலும் ஆங்கிலத்திலும் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். விஷயம் ஒன்றும் கடினமானதில்லை. இன்ஜினுக்கும், அதன் தண்ணீரைக் குளிரவைக்கிற ரேடியேட்டருக்கும் நடுவில் தெர்மோஸ்டாட் என்று ஒரு சின்ன வால்வு இருக்கும். இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் அது அடைத்துவைக்கும். அது அடைக்காவிட்டால் இன்ஜின் குளிர்ந்தே இருக்கும். இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துக்கொண்டு வண்டி தனக்குத்தானே கூடுதல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே போகும். பிளக்கில் கரி படியும், புகைக்குழாயில் கரி படியும். நான் கீழே போய் எங்கள் கார் புகைக்குழாயின் உள்பக்கம் விரலை விட்டுப் பார்த்தேன். அடுப்புக் கரி மாதிரி அப்பியது.

அன்று இரவு சாப்பிடும்போது கேட்டேன். "வண்டில அந்த டெம்பரேச்சர் முள் ஏன் ஏறவே மாட்டேங்குது?"

"ஏறலைன்னா நல்லதுதான? ஏறினாத்தான் பயப்படணும்" என்றார், சோற்றைப் பிசைந்துகொண்டே.

"தெர்மோஸ்டாட் கெட்டுப்போயிருக்கும்னு நினைக்கிறேன். அதனாலதான் பெட்ரோல் போகுது."

என்னை நிமிர்ந்து பார்த்தார். "வீடியோ பாத்து மெக்கானிக் ஆயிட்டியா?" என்றார். மகள் சிரித்தாள்.

அடுத்த சனிக்கிழமை, நானே சின்ச்வடில் ஒரு கேரேஜுக்குப் போவதாகச் சொன்னேன். தனியாகப் போனால் ஏமாற்றிவிடுவார்கள் என்று அவரும் வந்தார். அங்கே இருந்த மெக்கானிக்கிடம் நான் இந்தியில் விளக்கினேன். அவன் நான் பேசும்போதெல்லாம் அவரைப் பார்த்தே தலையாட்டினான். பிறகு தண்ணீரை வடித்து, குழாயைக் கழற்றி, வால்வு இருக்கிற கூட்டைத் திறந்தான். உள்ளே ஒன்றும் இல்லை. வெறும் கூடு.

"சாப், இஸ்மே தோ வால்வ் ஹீ நஹீ ஹை" என்றான். வால்வே இல்லையே.

என் கணவர் சிரித்தார். "ஹான் ஹான், மைனே ஹீ நிகல்வாயா தா" என்றார். ஆமாம், நான்தான் எடுக்கச் சொன்னேன்.

மே மாதம் மதுரைக்குப் போகும்போது கம்பட்கி மலை ஏற்றத்தில் வண்டி சூடாகி நின்றுவிட்டதாம். அங்கே ஒரு மெக்கானிக், இந்த வால்வை எடுத்துவிட்டால் வண்டி மதுரை வரைக்கும் குளுகுளுவென்று போகும் என்று சொல்ல, இவரும் சரி என்றிருக்கிறார். அதை அவர் இந்த மெக்கானிக்கிடம் ஒரு பயணக் கதையாகச் சொன்னார். எத்தனை லாரிகள் நின்றிருந்தன, அண்ணன் எப்படிக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்பதெல்லாம் சொன்னார். மெக்கானிக்கும் சிரித்தான். ஏற்றத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள் என்றான். இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் எண்ணெய்க் கறை படிந்த அந்தத் தரையில் நின்றிருந்தேன். பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

புது வால்வு வைத்தார்கள். சின்ன சாமான், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். திரும்பி வரும்போது அவர்தான் ஓட்டினார். நிக்டி வருவதற்குள் முள் பாதிக்கு ஏறி நின்றது.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"என்னத்தச் சொல்ல?"

"வால்வ எடுத்தத."

"அதுக்கும் இதுக்கும் என்ன? அதுனால கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். மத்ததெல்லாம் ஓட்டுறதுலதான் இருக்கு."

"மறந்துட்டீங்களா, இல்ல தெரிஞ்சே பேசாம இருந்தீங்களா?"

இண்டிகேட்டரைப் போட்டுக் காலனிக்குள் திருப்பினார். இன்றுவரை எனக்கு அதற்குப் பதில் தெரியாது. மறந்திருந்தால் ஒரு மாதிரி, தெரிந்தே இருந்திருந்தால் இன்னொரு மாதிரி வருத்தப்பட்டிருப்பேன். இரண்டில் எது என்று தெரியாததால் இரண்டையும் சுமக்க வேண்டியிருக்கிறது.

அடுத்த முறை டேங்க்கை நிரப்பியபோது கணக்குப் பார்க்க அவர் வரவில்லை. நானே பார்த்தேன். பதினாறுக்கும் மேலே இருந்தது. செருப்புப் போட்டுக்கொண்டு, ஏசி போட்டு ஓட்டியது. வீட்டுக்கு வந்து சொன்னேன். "ம்" என்றார்.

தை மாதத்தில் அவருடைய அண்ணன் குடும்பம் வந்திருந்தது. சாப்பிட்டு முடித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது அண்ணன் கேட்டார், "என்னப்பா, வண்டி பெட்ரோல் குடிக்குதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தியே, சரியாயிருச்சா?"

"இப்பப் பரவால்ல" என்றார் என் கணவர். "நல்லாப் பழகிட்டா. ஞாயித்துக்கிழமையெல்லாம் பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடுத்தேன்ல."

அடுப்படியிலிருந்து வெளியே வந்து சொன்னேன்: "நான் பழகினதுனால இல்ல மாமா. மதுரைக்குப் போறப்போ நீங்க ரெண்டு பேரும் வால்வக் கழட்டிட்டு வந்தீங்க. அதத் திருப்பி மாட்டினோம், சரியாயிருச்சு."

அண்ணன் தன் தம்பியைப் பார்த்தார். பிறகு, "அந்த ஏத்தத்துல என்னா வெயில்" என்று ஆரம்பித்து அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசப் போய்விட்டார். நான் அக்கா என்று கூப்பிடுகிற அவர் மனைவி என் பின்னாலேயே அடுப்படிக்குள் வந்து, "விடு, நாலு பேருக்கு முன்னால ஆம்பளைய இப்படிப் பேசலாமா" என்று மெதுவாகச் சொன்னாள். பார்க்கிங்கில் நாலு பேருக்கு முன்னால் என் காலைப் பேசியபோது அவள் இல்லை. இருந்திருந்தாலும் எதுவும் சொல்லியிருக்க மாட்டாள்.

திருச்சிப் பெண்ணை ஆபீஸ் கேன்டீனில் தேடிப்பிடித்தேன். நடந்ததைச் சொன்னேன். வண்டி சரியாகிவிட்டது, நாளையிலிருந்து வா என்றேன். நிதானமாகக் கேட்டுக்கொண்டாள். அவளும் அவள் கணவனும் கராடியிலேயே வீடு பார்த்துவிட்டார்களாம், மாதக் கடைசியில் மாறுகிறார்களாம். "பரவால்ல மேடம், அதெல்லாம் நான் மனசுல வச்சுக்கல" என்றாள். அதுவரை அவள் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

போன வருடம் அந்தக் காரை விற்றோம். பேட்டரியில் ஓடுகிற வண்டி வாங்கிவிட்டால் இந்த மைலேஜ் பேச்சே இருக்காது என்று அவர் சொன்னார். பார்க்க வந்தது போசரியிலிருந்து ஒரு இளம் தம்பதி. அந்தப் பையன் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, யார் ஓட்டியது என்று மராத்தியில் கேட்டான்.

"மேடம்தான்" என்றார் என் கணவர். "லேடீஸ் ஓட்டின வண்டி. ரொம்பப் பதமா ஓட்டுவா. பதினாறு கண்டிப்பாக் குடுக்கும்."

எந்தக் காலை மாற்றச் சொன்னாரோ அதே காலைக் காட்டி வண்டிக்கு நல்ல விலை கேட்டுக்கொண்டிருந்தார். அப்படிச் சொல்லும்போது அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அவருக்கு அதில் எந்த முரணும் தெரியவில்லை என்பது எனக்கு அப்போது நன்றாகப் புரிந்தது.

வாங்கியபின் ஓட்டப்போவது தன் மனைவிதான் என்று அந்தப் பையன் சொன்னான். அவள் ஒதுங்கி, வேப்பமர நிழலில் நின்றுகொண்டிருந்தாள். ஆண்கள் இருவரும் காகிதங்களைப் பார்க்க மேலே போனபோது நான் அவளை டிரைவர் இருக்கையில் உட்காரவைத்தேன். சாவியைத் திருகி, அந்த முள்ளைக் காட்டி, எனக்குத் தெரிந்த மராத்தியில் சொன்னேன்: "கொஞ்ச தூரம் ஓடினதும் இது பாதிக்கு வந்துடணும். வராம அடியிலேயே கிடந்தா உள்ள ஏதோ கோளாறுன்னு அர்த்தம். அப்ப பெட்ரோல் கூடப் போகும். நீ ஓட்டுறது சரியில்லன்னு யாராவது சொன்னா நம்பாதே. முதல்ல இதப் பாரு."

அவள் முள்ளைப் பார்க்கவில்லை. கண்ணாடியைத் திருப்பித் தன் நெற்றிப் பொட்டைச் சரிசெய்துகொண்டு, சிரித்த முகமாகச் சொன்னாள்:

"அதெல்லாம் எனக்கு எதுக்கு ஆன்ட்டி. எல்லாம் அவரே பாத்துக்குவாரு."